மூன்றாம் எண் சிவப்பு ஒயர்

என் மனைவியின் தம்பியை அவருடைய கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லிஃப்ட் பழுது பார்த்தவர். இருபத்தேழு வருஷம் அதே வேலை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம், மூடிய கதவின் இடுக்கில் வாயை வைத்து அவர் சொல்லும் முதல் வார்த்தை, "பொறுமை, பொறுமை, வந்துட்டேன்" என்பதுதான். அதுவே பெயராகிவிட்டது. சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர் இருக்கும். நானும் இங்கே பொறுமை என்றே எழுதுகிறேன்.

அவர் மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிடுவது வழக்கம். வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். "பொறுமைக்கு வாக்கப்பட்டு எனக்குத்தான் பொறுமை போச்சு" என்று துணி கொடுக்க வருகிறவர்களிடம் அவள் சொல்லாத நாள் குறைவு.

பொறுமையின் சாமான் பெட்டியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நீல நிற இரும்புப் பெட்டி. மூடியின் உட்புறத்தில் வரிசையாக ஆறு கொக்கிகள். ஒவ்வொன்றிலும் முழ நீளத்தில் ஒரு சிவப்பு ஒயர் தொங்கும். ஒயரின் இரு முனையிலும் கவ்வி. நடுவில் எண் பொறித்த பித்தளை வில்லை. ஒன்று முதல் ஆறு வரை.

லிஃப்டின் ஒவ்வொரு கதவிலும் ஒரு சுவிட்ச் உண்டு. கதவு திறந்திருந்தால் அது மின்சாரத்தை வெட்டிவிடும், லிஃப்ட் நகராது. பழுது பார்க்கும்போது சில சமயம் கதவைத் திறந்து வைத்தபடியே லிஃப்டை நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது சுவிட்சின் இரண்டு முனைகளையும் இந்த ஒயரால் இணைத்து, கதவு மூடியிருப்பதாக லிஃப்டை நம்ப வைப்பார்கள். ஜம்பர் என்று சொல்வார்கள். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் போனால், கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் கிளம்பும். அதனால்தான் கொக்கியும் எண்ணும். பெட்டியை மூடுவதற்கு முன், விரலால் ஒவ்வொன்றையும் தொட்டு, வாய்விட்டு ஆறு வரை எண்ண வேண்டும். இருபத்தேழு வருஷம் எண்ணியவர் அவர்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் வேலையை முடித்து, எண்ணி, பெட்டியை மூடிவிட்டு அவர் கிளம்பினார். இருபது நிமிஷம் கழித்து மூன்றாம் மாடியில் ஒரு பெண் லிஃப்டில் ஏறப் போயிருக்கிறார். கையிலிருந்த ஃபைல் பையை உள்ளே வைத்துவிட்டு ஒரு காலை எடுத்து வைக்கும் நேரத்தில், கதவு திறந்தபடியே லிஃப்ட் மேலே கிளம்பியது. அந்தப் பெண் காலை இழுத்துக்கொண்டார். பை மட்டும் ஐந்தாம் மாடிக்குப் போனது. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மூன்றாம் மாடிக் கதவின் சுவிட்சில் ஐந்தாம் எண் சிவப்பு ஒயர் இருந்தது.

மேலாளர் நல்ல மனிதர். சத்தம் போடவில்லை. "எட்டு வாரம் வீட்ல இருங்க. டாக்டரப் பாருங்க. அப்புறம் ஒரு திங்கக்கிழம வந்து, திரும்ப லிஃப்ட் வேலைக்கு வரலாமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் ஏத்துக்கிறேன்" என்றார்.

டாக்டர் எல்லாம் பார்த்தார். ரத்த அழுத்தம், சர்க்கரை, கண், ஞாபகம், எதிலும் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பொறுமைக்கு அது போதவில்லை. "அன்னிக்கி பாத்து மகளுக்கு ஆபரேஷன்னு போன் வந்துச்சு அத்தான். அதனாலதான் விட்டுட்டேனா, இல்ல எனக்கே ஏதோ கழண்டு போச்சான்னு தெரியல" என்றார். மகள் வெளியூரில் இருக்கிறாள், குடல்வால் ஆபரேஷன், நாலு நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டாள். அவருடைய கேள்விதான் தீரவில்லை.

முதல் ஐந்து வாரம் அவர் கைவேலை எதையும் தொடவில்லை. சமையலறைக் குழாய் சொட்டியது, பிளம்பரைக் கூப்பிட்டார்கள். எங்கள் வீடு நாலாவது மாடி. அக்காவைப் பார்க்க வந்தால், லிஃப்ட் இருந்தும் படியேறித்தான் வருவார். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவரிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஆறாவது வாரம், சனிக்கிழமை காலை, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு கிடங்குக்குப் போனார். விளையாட்டுக் கூடம் நடத்திய ஒருவர் கடையை மூடிவிட்டு இயந்திரங்களை விற்றுக்கொண்டிருந்தார். நல்லதெல்லாம் ஏற்கெனவே போய்விட்டது. மூலையில் ஒன்று நின்றது. ஆளுயரப் பெட்டி, கருநீலம், மேல்பாதியில் பழைய டிவி மாதிரித் திரை, இடுப்பளவில் ஒரு கைப்பிடியும் இரண்டு பொத்தான்களும். ஆற்றில் ஒரு சின்னப் படகு. எதிரே மரக்கட்டைகளும் பாறைகளும் வந்துகொண்டே இருக்கும். இடிக்காமல் ஒதுங்கிப் போக வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான்.

"ஓடுமா?" என்று பொறுமை கேட்டார்.

"பதினோரு நிமிஷம் நல்லா ஓடும் சார்."

"அப்புறம்?"

"அப்புறம் அதுவா அணைஞ்சு, அதுவா மொதல்லேருந்து ஆரம்பிக்கும். அதுக்கு மேலயும் ஓடுச்சுன்னா நான் எதுக்கு சார் விக்கிறேன்?"

"யார்கிட்டயும் காட்டலியா?"

"மூணு பேர் பாத்தாங்க. மூணு பேருமே சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க."

பொறுமை சிரித்தார். ஐந்து வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பழைய இரும்பு விலைக்கு அதை வாங்கி, ஒரு சரக்கு வண்டியில் ஏற்றி, நாங்களும் பின்னாலேயே உட்கார்ந்து வந்தோம்.

வாசலில் முதல் சங்கடம். பெட்டியின் அகலம் எழுபத்தொரு சென்டிமீட்டர். தங்கச்சியின் கடை வாசல் எழுபது. கதவைக் கீலோடு கழற்றிய பிறகு இரண்டரை சென்டிமீட்டர் கூடக் கிடைத்தது. அதைக் கழற்றி முடிக்கும்வரை தங்கச்சி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கட்டில் போட எடம் இல்ல. பொட்டிக்கு எடம் பாக்குறாராம். ஏங்க, அம்பத்தோரு வயசுல படகு ஓட்டப் போறீங்களா?"

"ரிப்பேர் பண்ணப் போறேன்."

"பொழுதன்னிக்கும் குழாய் சொட்டினப்ப எங்க போச்சு இந்தக் கை?"

கடைக்குப் பின்னால் இருக்கும் நடையில் பெட்டியை நிறுத்திவிட்டு நான் கிளம்பும்போது, தங்கச்சி வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தினாள். "எதையோ ஒண்ணத் தொடுறாரே, அது போதும்ணா. வாய்தான் திட்டுது. நீங்களும் வந்து உக்காருங்க."

உட்காருவதற்கு நான் வேண்டும் என்று அவரும் நினைத்திருந்தார், வேறு காரணத்துக்காக. நான் முப்பத்தாறு வருஷம் குடிநீர் ஏற்று நிலையத்தில் அளவு எழுதியவன். மணிக்கு ஒரு தடவை அழுத்தமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் என் உத்தியோகம். மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு நான் போனபோது, நடையில் எனக்கு ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் கோடு போட்ட புது நோட்டு ஒன்றை வைத்திருந்தார்.

"அத்தான், இந்தப் பொட்டியோட பின்கதவுலயும் ஒரு சுவிட்ச் இருக்கு. தொறந்தா கரண்ட் போயிடும். ஓட விட்டு அளக்கணும்னா நான் ஜம்பர் போட்டே ஆகணும். போடுறப்போ நம்பரும் நேரமும் சொல்றேன். எடுக்குறப்பவும் சொல்றேன். நீங்க எழுதிக்கிட்டே வாங்க."

"சரி."

"மறந்தா ஞாபகப்படுத்தக் கூடாது. வாயே தொறக்கக் கூடாது."

அப்போதுதான் அவர் அந்தப் பெட்டியை எதற்கு வாங்கினார் என்று எனக்குப் புரிந்தது. அதுவும் கதவு சுவிட்ச் உள்ள இயந்திரம். ஆனால் ஆள் ஏறாத இயந்திரம். மேலாளரிடம் சொல்ல வேண்டிய பதிலை அவர் அதற்குள் தேடப் போகிறார். இரண்டு வாரம் இருந்தது.

முதல் நாள் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்தவை: ஒரு முறம் தூசி, காய்ந்த கரப்பான்பூச்சிகள், ஒரு கொண்டை ஊசி, உடைந்த பொத்தான் ஒன்று, சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாள் சுற்றிய ஒரு ஃபியூஸ். அந்த ஃபியூஸைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரோ மகராசன் வேல பாத்திருக்கான். வீடு எரியாம இருந்ததே பெரிசு." புது ஃபியூஸ் போட்டார். கடிகாரத்தைப் பார்த்து ஓட விட்டோம். பத்து நிமிஷம் ஐம்பது விநாடியில் அணைந்து மறுபடி தொடங்கியது. இரண்டாவது தடவை பதினொன்று இருபது. மூன்றாவது சரியாகப் பதினொன்று.

மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்று உள்ளே இருந்தது; சப்ளை என்றார். அது கெட்டிருக்கும் என்று புதிது வாங்கி வந்து மாட்டினார். பதினொன்று. திரையைப் பிரித்துத் துடைத்து இறுக்கினார். பதினொன்று. தங்கச்சி ஊசியில் நூல் கோத்தபடியே கடையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"இன்னிக்கும் அதே பதினொண்ணுதானா? பேசாம அதுமேல சட்டிய வச்சுடுங்க. முட்ட வேக நேரம் பாக்க சரியா இருக்கும்."

"கொஞ்ச நேரம் சும்மா இருக்கியா?"

"நான் சும்மாதான் இருக்கேன். அதுதான் சும்மா இருக்க மாட்டேங்குது."

இதற்கிடையில் நோட்டு நிரம்பிக்கொண்டு வந்தது. "ரெண்டாம் நம்பர், சுவிட்ச்ல, மூணு நாப்பது" என்பார். எழுதுவேன். "ரெண்டாம் நம்பர் எடுத்தாச்சு, நாலு அஞ்சு" என்பார். எழுதுவேன். நாள் முடிவில் மூடிக் கொக்கிகளை விரலால் தொட்டு ஆறு வரை எண்ணுவார். அதையும் எழுதுவேன். ஐந்து பிற்பகல்களில் பதினேழு தடவை போட்டார், பதினேழு தடவை எடுத்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. ஐந்தாம் நாள் நோட்டை வாங்கிப் பார்த்தவர், கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை ஒரு தடவை விரலை ஓட்டிவிட்டு, குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

ஆனால் பெட்டி மசியவில்லை. எட்டாவது வாரத்துச் சனிக்கிழமை, நாங்கள் உட்கார்ந்த ஆறாவது நாள், அவர் ஐந்து நாளும் எடுத்த சப்ளை அளவுகளைப் புரட்டிப் பார்த்து, "அஞ்சு புள்ளி ஒண்ணு வோல்ட். குறையே இல்ல அத்தான். எப்பப் பாத்தாலும் இதே அளவுதான்" என்றார்.

ஜம்பரைப் பற்றித்தான் நான் வாய் திறக்கக் கூடாது. இதைக் கேட்கலாம் என்று தோன்றியது. "எங்க வச்சு அளந்தே?"

"சப்ளையிலதான்."

"அது எங்க பம்பு வாசல் மாதிரி. அங்க எப்பவும் அழுத்தம் நல்லாத்தான் இருக்கும். கடைசி வீட்டுல சொட்டுதா இல்லியான்னு பாத்தியா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் தலையை விட்டார். ஆட்டத்தை நடத்தும் மின்னணுப் பலகை உள்ளே செங்குத்தாக நின்றது. சப்ளையிலிருந்து கிளம்பும் ஒயர்கள் ஒரு நீளமான சொருகியின் வழியாக அதற்குப் போயின. "மூணாம் நம்பர், சுவிட்ச்ல, நாலு பத்து" என்றார். எழுதினேன். ஓட விட்டார். அளக்கும் கருவியின் முனையைப் பலகையின் மேலேயே வைத்துப் பிடித்துக்கொண்டு அளவுகளைச் சொன்னார். தொடக்கத்தில் நாலு புள்ளி ஒன்பது. ஐந்தாம் நிமிஷம் நாலு புள்ளி எட்டு. பத்தாம் நிமிஷம் நாலு புள்ளி ஆறு. பதினொன்றில் படகு மறைந்து, திரை இருண்டு, முதலிலிருந்து தொடங்கியது.

"வழியில குடிக்குது!" என்று கத்தினார். மின்சாரத்தை அணைத்துவிட்டுச் சொருகியைக் கழற்றிப் பார்த்தால், பித்தளையாக இருக்க வேண்டிய பற்களில் நாலு, கருகிப் பழுப்பாகியிருந்தன. சூடேற ஏற அங்கேயே மின்சாரம் வீணாகியிருக்கிறது. முந்தின மூன்று பேரும் கிளம்பும் இடத்தில் அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவரும் ஐந்து நாள் அதையேதான் செய்தார்.

புதுச் சொருகி அவர் பெட்டியிலேயே இருந்தது, லிஃப்ட் பலகைக்கு வாங்கி வைத்தது. தடித்த ஒயர்களாகப் பார்த்துப் பற்றவைத்தார். நாலே முக்காலுக்கு ஓட விட்டார். அந்த நேரம் தங்கச்சி தேநீர் கொடுக்கக் கூப்பிட்டாள். நான் கடைப்பக்கம் போய்ப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தேன். அதுவும் நோட்டில் இருக்கிறது. திரும்பி வந்தபோது படகு போய்க்கொண்டிருந்தது. பதினைந்து நிமிஷம். இருபது. பேன்ட் மடிப்புத் தைக்கக் கொடுக்க வந்த கணக்கு டீச்சர் ஒருவர், "சத்தம் என்ன?" என்று எட்டிப் பார்த்தவர், கைப்பையைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நாற்பது நிமிஷம்.

"டீச்சர், அளவு எடுக்கணும், வாங்க" என்றாள் தங்கச்சி.

"இரும்மா, ஒரு பாறை வருது."

பொறுமை எல்லோரையும் விலக்கிவிட்டுத் தன் மனைவியைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினார். அவள் ஒரு நிமிஷத்தில் படகை உடைத்தாள். "தையல் மெஷின்னா ஒரு கால் மிதி இருக்கும். இதுல என்னத்த மிதிக்கிறது?" என்றாள். நானும் ஆடினேன். பெட்டியை நகர்த்திக் கடையிலேயே வைத்துவிடலாம் என்று தங்கச்சிதான் சொன்னாள். துணிக்குக் காத்திருக்கிறவர்களுக்குப் பொழுது போகும். பின்கதவின் பூட்டு எப்போதோ போயிருந்தது. ஒரு கொக்கி மட்டும் போட்டு மூடினார். சுவரோரம் தள்ளினோம். ஐந்தே முக்காலுக்கு அவர் சாமான் பெட்டியின் முன் உட்கார்ந்து எண்ணினார். "ஆறு" என்று உரக்கச் சொல்லி மூடினார்.

"திங்கக்கிழம போறேன் அத்தான். வர்றேன்னு சொல்லிடப் போறேன்" என்றார். நான் அவர் தோளைத் தட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டைப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். மேலாளரிடம் காட்டுவதானால் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். சனிக்கிழமைப் பக்கத்தில் "மூன்று, சுவிட்சில், 4.10" என்று இருந்தது. அதை எடுத்த நேரம் இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை. கடைசி வரியில் "எண்ணிக்கை ஆறு" என்று இருந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம். ஏற்று நிலையத்தில் நாங்கள் நேரில் பார்த்த அளவை அப்படியே எழுதுவோம். தொலைபேசியில் இன்னொருவர் சொன்ன அளவானால் எழுதி வட்டம் போடுவோம். முந்தின ஐந்து நாளும் நானும் எட்டிப் பார்த்து எழுதியிருந்தேன், வட்டம் இல்லை. சனிக்கிழமை நான் டீச்சருக்குப் பக்கத்தில் நின்று படகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் அவர் எடுத்துவிட்டு, சொல்ல ஆளில்லாததால் விட்டிருக்கலாம். இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு சட்டையை மாட்டினேன். என் பதிவு தப்பாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பியது முப்பத்தாறு வருஷத்தில் அது ஒரு தடவைதான்.

பத்து இருபதுக்கு அவர்கள் வீட்டை அடைந்தேன். கடைக் கதவு பாதி திறந்திருந்தது. தங்கச்சி பெட்டியைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்துவிட்டிருந்தாள். திரையில் படகு தானாகவே போய்க்கொண்டிருந்தது; யாரும் ஆடாதபோது அது அப்படித்தான் காட்டும்.

"வாங்கண்ணா. நூல் பாபின் ஒண்ணு உருண்டு, கீழ் இடுக்கு வழியா பொட்டிக்குள்ள போயிருச்சு. இருங்க, எடுத்துட்டு வர்றேன்."

பின்கதவின் கொக்கி கழன்று கதவு அகலத் திறந்திருந்தது. அவள் குனிந்து, வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டிருந்தாள். கதவு திறந்திருக்கிறது, படம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் திரையின் பின்புறத்தில் ஆளைத் தூக்கி எறியும் மின்சாரம் உண்டு என்று பொறுமை முதல் நாளே எனக்குக் காட்டியிருந்தார்.

"கைய அசைக்காதம்மா" என்றேன். சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன். திரை இருண்டது. "இப்ப மெதுவா எடு."

கையை எடுத்தாள். பாபின் கையில் இருந்தது. "என்னண்ணா, மொகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

பொறுமை தலையைத் துவட்டியபடி உள்ளிருந்து வந்தார். திறந்த கதவைப் பார்த்தார், பிடுங்கிய பிளக்கைப் பார்த்தார், என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். சாமான் பெட்டியை எடுத்துவந்து மூடியைத் திறந்தார். மூன்றாவது கொக்கி காலியாக இருந்தது.

அவர் விரலால் தொட்டு எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு. விரல் காலிக் கொக்கியையும் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. எண்ணி முடித்து, அந்த விரலை என் பக்கம் நீட்டினார்.

"பாத்தீங்களா அத்தான்? ஆறு இருக்கும்னு இந்த விரலுக்குத் தெரியும். அதனால ஆறுன்னுதான் சொல்லும். ஒயரப் பாத்தா எண்ணுது? கொக்கியத்தான் எண்ணுது."

தங்கச்சிக்கு இப்போது புரிந்தது. பாபினை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நான் ஒண்ணும் செத்துப் போகலையே. குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்ல? நேத்து எல்லாருமாச் சேந்து கூத்தடிச்சோம், அதுல மறந்துட்டீங்க. யாருக்கும்தான் மறக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, அந்த ஒரு வரிய எழுதலேன்னுதான் வச்சுக்கோங்களேன். நாளைக்கி அவர் போகணும்."

"எழுதியாச்சும்மா" என்றேன்.

"அவர எதுக்குக் கேக்குற?" என்றார் பொறுமை. குரலில் கோபம் இல்லை. "அன்னிக்கி கவலைன்னு மறந்தேன். நேத்து சந்தோஷத்துல மறந்தேன். இன்னும் வேற என்ன மிச்சம் இருக்கு? எதுவுமே நடக்காத நாளாப் பாத்து லிஃப்ட் ரிப்பேர் பண்ண முடியுமா?"

படகுப் பெட்டிக்குள் கையை விட்டு மூன்றாம் எண் ஒயரைக் கழற்றினார். கொக்கியில் மாட்டினார். "எழுதுங்க அத்தான். மூணாம் நம்பர் எடுத்தாச்சு. ஞாயித்துக்கிழம, பத்து முப்பத்தஞ்சு." எழுதினேன். வட்டம் போடவில்லை, நேரில் பார்த்தது.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். மேலாளரின் அறை நாலாம் மாடியில். பொறுமை படிப்பக்கம் போகாமல் லிஃப்டில் ஏறினார். இரண்டாம் மாடி தாண்டும்போது, "இதுக்கு வழிகாட்டித் தண்டவாளத்துல எண்ணெய் போடணும்" என்றார், காதைச் சாய்த்தபடி.

மேலாளர் நோட்டை முதல் வரியிலிருந்து படித்தார். அரைமணி நேரம் ஆனது. "பதினெட்டுல பதினேழு. நம்ம ஆளுங்க யார இப்படி உக்கார வச்சு எழுதினாலும் இவ்வளவு வருமாங்கிறது சந்தேகம்."

"மத்தவங்களப் பத்தி எனக்குத் தெரியாது சார். என்னப் பத்தித் தெரிஞ்சிடுச்சு. ஆள் ஏறுற எதுலயும் இனிமே நான் கை வைக்கக் கூடாது. பட்டறையில பலக ரிப்பேர் பண்ற மேசைக்கு ஆள் இல்லேன்னு சொன்னாங்க. நான் பண்ணித் தர்றேன். மாட்டுறது வேற ஆள், சோதிக்கிறது வேற ஆளா இருக்கட்டும்."

மேலாளர் ஒப்புக்கொண்டார். பொறுமை எழுந்திருக்கவில்லை. "இன்னொண்ணு சார். எண்ணிக்கைய நம்பாதீங்க. மூடியப் பாத்து எண்ணுற வழக்கமே தப்பு. ஜம்பரு கிடந்தா கதவு மூட முடியாதபடி ஏதாச்சும் பண்ணணும்."

அதைப் பண்ணியது தங்கச்சி. ஒவ்வொரு ஜம்பருக்கும் இரண்டு முழ நீளம், நாலு விரல் அகலம், கெட்டியான சிவப்புத் துணிப் பட்டை. இரண்டு மடிப்பாக வைத்து ஓரம் அடித்தது. ஜம்பரை மாட்டினால் பட்டை வெளியே வந்து தொங்கும். அதை உள்ளே திணித்து எந்த மூடியையும் மூட முடியாது. முதல் ஆறை அவள் அந்த வாரமே தைத்தாள். கம்பெனி முழுவதற்குமாக இதுவரை இருநூற்று நாற்பது தைத்திருக்கிறாள். "இவர் மறதிக்கு நான் வால் தைக்கிறேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறாள். பொறுமையின் பழைய ஜம்பர்கள் ஆறும் இப்போது வேறொருவர் பெட்டியில், வாலோடு.

படகு இயந்திரம் கடையிலேயே இருக்கிறது. பின்கதவுக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று, சாவி தங்கச்சியிடம். சாவியை அவள் அவரிடம் கொடுப்பதில்லை. இரண்டு வருஷத்தில் அது தானாக ஒரே ஒரு தடவை அணைந்தது. அன்று தெரு முழுவதும் மின்சாரம் இல்லை. கணக்கு டீச்சரின் பேன்டுகள் எல்லாம் ஏற்கெனவே மடித்துத் தைத்தாகிவிட்டன. இருந்தும் வாரம் ஒரு முறை ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்.

பட்டறை மேசையில் ஒரு தொலைபேசி இருக்கிறது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளிருக்கும் பொத்தானை அழுத்தினால் அதில்தான் மணி அடிக்கும். சென்ற மாதம் நான் அங்கே போயிருந்தபோது அடித்தது. கையிலிருந்த பலகையைக் கீழே வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண் அழுதுகொண்டே பேசுவது எனக்குக்கூடக் கேட்டது.

"பொறுமைம்மா, பொறுமை" என்றார். "ஆள் வந்துட்டிருக்காங்க. அதுவரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."